தொடாமல் கூடவே வரும் படகு

2022 மார்ச் 20. விடிய இன்னும் நேரம் இருந்தது. தலைமன்னார் கரையிலிருந்து 13 வயதுச் சிறுமி ஒருத்தி இருட்டுக் கடலுக்குள் இறங்கினாள். பெயர் ஜியா ராய். மும்பைப் பிள்ளை. தகப்பனுக்கு இந்தியக் கடற்படையில் வேலை. சின்ன வயதிலேயே ஓட்டிசம் இருப்பதாகக் கண்டறியப்பட்டவள். ஏறத்தாழ 29 கிலோமீற்றர் நீந்தி, 13 மணி 10 நிமிடத்தில் தனுஷ்கோடிக்கு அருகே அரிச்சல்முனையில் கரையேறினாள்.

இந்தத் தண்ணீரைக் கடந்தவர்களின் வரிசை நீளமானது. 1966 ஏப்ரலில் மிஹிர் சென் தலைமன்னாரில் இறங்கித் தனுஷ்கோடியில் ஏறினார். 1994 இல் தமிழ்நாட்டைச் சேர்ந்த குற்றாலீஸ்வரன் 12 வயதில் பாக்கு நீரிணையைக் கடந்தார். 2019 மார்ச்சில் தேனியைச் சேர்ந்த ஜெய் ஜஸ்வந்த் 10 வயதில் அதே பாதையில் நீந்தினார். 2021 ஏப்ரலில் இலங்கை விமானப்படை வீரர் ரொஷான் அபேசுந்தர போய்த் திரும்பியே வந்தார்.

எல்லோரும் தனியாகத்தான் நீந்தினார்கள். ஆனால் ஒருவரும் தனியாகப் போகவில்லை. நீந்துபவருக்குப் பக்கத்தில் ஒரு படகு வரும். அதில் பயிற்சியாளர், நீரோட்டம் தெரிந்த படகோட்டி, நேரம் குறிக்கிற அவதானிப்பாளர் இருப்பார்கள். சாப்பாட்டையும் தண்ணீரையும் கயிற்றில் கட்டியோ கோலில் தொங்கவிட்டோ நீட்டுவார்கள். நீந்துபவர் படகைப் பிடிக்கக் கூடாது, படகில் இருப்பவரும் அவரைத் தாங்கக் கூடாது. தொட்டால் அந்த நீச்சல் செல்லாது. படகு அவருக்கு முன்னால் ஓடி இழுப்பதுமில்லை, கரையில் நின்று கைதட்டுவதுமில்லை. அவருடைய வேகத்திலேயே, தொடாமல் கூடவே வருகிறது.

மீத்திறன் உள்ள பிள்ளைக்குப் பாடசாலை என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், அதற்கு இதைவிடச் சரியான படம் கிடைப்பது கடினம். அந்தப் படம் தலைமன்னார்க் கரையிலிருந்தே கிடைக்கிறது. ஆனால் அந்தக் கரையில் பிறந்து வளர்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் வரும் படகு எது என்ற கேள்விதான் மன்னார்த் தீவில் யாரும் உரக்கக் கேட்காத கேள்வி.

தலைமன்னார் பியரிலிருந்து மன்னார் நகரத்துக்கு ஏ-14 வீதியில் 30 கிலோமீற்றர் அளவில் வரும். தனுஷ்கோடிக்குக் கடல்வழியாக இருக்கிற தூரமும் ஏறக்குறைய அதுதான். கடலைக் கடக்க வந்த பிள்ளைக்குப் படகும் மருந்தும் அனுமதிக் கடிதமும் ஒழுங்காகின. பாடசாலைக்கும் ரியூசனுக்கும் வீதியைக் கடக்கிற பிள்ளைக்குக் கிடைப்பது பஸ் மட்டும்தான். 2021 மார்ச் 16 அன்று தலைமன்னாரில் பாடசாலைப் பிள்ளைகள் பயணித்த பஸ்ஸும் புகையிரதமும் மோதின. மாணவர் ஒருவர் உயிரிழந்தார், பலர் காயப்பட்டனர். இந்தத் தீவில் படிப்பு என்றால் முதலில் பயணம். அந்தப் பயணத்தின் விலை சில வேளை அவ்வளவு பெரிது.

இலங்கையில் ஒரு பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளையா என்று அரசு கேட்பது பத்து வயதில், ஒரே ஒரு நாள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. ஆண்டுதோறும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதுகிறார்கள். இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி. மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி மாறும். 2024 பரீட்சையில் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியான விவகாரம் உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. பத்து வயதுப் பிள்ளைகளின் மூன்று கேள்விக்காக நாடே மாதக்கணக்கில் பதறியது என்றால், அந்த ஒரு நாளின் மேல் பெற்றோர் எவ்வளவு பாரத்தை ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்று விளங்கும்.

இந்தப் பரீட்சையின் ஆரம்பம் இப்படியல்ல. 1931 முதல் 1947 வரை கல்வி அமைச்சராக இருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா, இலவசக் கல்வியோடு கிராமங்களில் மத்திய கல்லூரிகளைக் கட்டினார். கட்டணம் கட்டிப் படிக்க முடியாத கிராமத்துப் பிள்ளை நல்ல ஆய்வுகூடமும் நூலகமும் விடுதியும் உள்ள இடத்தில் படிக்க வேண்டும், அந்த இடமும் கிராமப்புறத்திலேயே இருக்க வேண்டும் என்பதே எண்ணம். புலமைப்பரிசில் அதற்கான வாசல். காலப்போக்கில் அந்த வாசல் இடம் மாறிவிட்டது. இன்று அது நகரத்துப் பெயர்பெற்ற பாடசாலைகளுக்குள் நுழைகிற வழி. கிராமத்துக்கு நல்ல பாடசாலையைக் கொண்டுவரத் தொடங்கிய திட்டம், கிராமத்திலிருந்து நல்ல பிள்ளையைக் கொண்டுபோகிற திட்டமாகிப் போனது.

தலைமன்னாரிலிருந்து பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். ஒரு பிள்ளை வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் மாலை போடுவார்கள், பாடசாலை மதிலில் படத்தோடு பதாகை கட்டுவார்கள், அதிபர் பெருமையோடு கைகுலுக்குவார். அடுத்த ஜனவரியில் பிள்ளை ஊரில் இருக்காது. மன்னார் நகரத்திலோ யாழ்ப்பாணத்திலோ விடுதியில், இல்லாவிட்டால் சொந்தக்காரர் வீட்டில் இருக்கும். வயது பதினொன்று. வசதியில்லாத வீட்டுப் பிள்ளை பதாகையோடு ஊரிலேயே நிற்கும். அதற்கு மாதாந்தக் கொடுப்பனவு வரும். ஆனால் வகுப்பில் அதற்கென்று புதிதாக ஒன்றும் நடக்காது. தரம் 6 இல் எல்லோருக்கும் உள்ள பாடம், எல்லோருக்கும் உள்ள வேகம்.

வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்த பிள்ளையின் கதை இன்னும் மோசம். அது கெட்டிக்காரப் பிள்ளை இல்லை என்று பத்து வயதில் எழுத்தில் சொல்லியாயிற்று.

அடுத்த கதவு 19 வயதில் வருகிறது. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான துறைகளுக்கு 40 வீத இடம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகிறது. 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி பிரிகிறது. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று அடையாளம் கண்ட 16 மாவட்டங்களுக்கு. மன்னார் அந்தப் பதினாறில் ஒன்று. இந்த ஒதுக்கீடு வேண்டியதே. மன்னாரிலிருந்து போன வைத்தியர்களிலும் பொறியியலாளர்களிலும் பலருக்கு அது வழி திறந்திருக்கிறது, அதைக் குறைக்க யாரும் நினைக்கக் கூடாது. ஆனால் அது ஓட்டம் முடிகிற இடத்தில் கொடுக்கிற சலுகை. பத்து வயதில் ஒரு வடிகட்டல், பத்தொன்பதில் ஓர் ஈடு. நடுவில் ஒன்பது வருடம். அந்த ஒன்பது வருடமும் பிள்ளை நடுக்கடலில் நிற்கிறது. பக்கத்தில் படகு இல்லை.

உயர்தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்கிற பாடசாலை இந்த நாட்டின் சுமார் 10,000 அரச பாடசாலைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான். தீவின் மேற்கு முனையில் இருக்கிற பிள்ளைக்கு அந்தப் பாடசாலை வீட்டு வாசலில் இருக்காது. இதற்கு மேல் ஒரு தலைமுறையின் இழப்பும் சேர்ந்திருக்கிறது. 1990 இல் மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். தமிழ்க் குடும்பங்கள் பல இதே கரையிலிருந்து படகேறி இராமேஸ்வரம் போயின. புகையிரதப் பாதை அழிந்தது. அது 2015 மார்ச்சில்தான் மறுபடி தலைமன்னார் பியரைத் தொட்டது. இன்று தரம் 5 இல் இருக்கிற பிள்ளைகளின் தாய்தகப்பன் பலர், தங்கள் பள்ளி வயதை முகாமிலும் இடம்பெயர்விலும் கழித்தவர்கள். கணக்கில் பிள்ளை கேட்கிற கேள்விக்கு வீட்டில் பதில் சொல்ல ஆளில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவேண்டியது பாடசாலைதான்.

மீத்திறன் என்றால் என்ன? பதாகையில் இருக்கிற புள்ளியா?

காலையில் படகுகள் வந்து மீன் கரைக்கு ஏறுகிற நேரம் பார்க்க வேண்டும். ஏலம் வேகமாகப் போகும். கூறு கூறாக மீன், கிலோவுக்கு ஒரு விலை, கழிவு ஒரு கணக்கு, எண்ணெய்ச் செலவு ஒரு கணக்கு, படகுக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. தகப்பனோடு வந்து நிற்கிற பையன், பெரியவர்கள் கல்குலேற்றரைத் தட்டி முடிப்பதற்குள் ஆளுக்கு எவ்வளவு என்று சொல்லிவிடுவான். அவனுக்குக் காற்றும் தெரியும். சோளகம் பிடித்தால் நீர் எந்தப் பக்கம் இழுக்கும், வாடைக் காலத்தில் எந்தக் கரையில் படகு விடலாம் என்று கேட்டால் சொல்வான். இப்படி ஒரு பிள்ளையைக் கரையோரக் கிராமம் எதிலும் காணலாம். அதே பிள்ளை வகுப்பில் பின்ன எண் பாடத்தில் கொட்டாவி விடும். கொப்பியில் வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதும். ஆசிரியருக்கு அது பார்த்து எழுதியது போலத் தெரியும். அடி விழாவிட்டாலும் ஏச்சு விழும். இரண்டு தடவை ஏச்சு வாங்கிய பிள்ளை, மூன்றாம் தடவை வேண்டுமென்றே மெதுவாகச் செய்யப் பழகிவிடும்.

வீட்டிலும் அதை மறைக்கிற பழக்கம் உண்டு. பிள்ளை கெட்டிக்காரி என்று நாலு பேர் சொன்னால் நாவூறு படும் என்று அம்மம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவா. அது அன்பு. ஆனால் பிள்ளையின் திறமை யாருடைய கண்ணிலும் படாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அமெரிக்காவில் ஜோசப் ரென்சுலி என்ற கல்வியியலாளர் 1978 இல் சொன்ன விளக்கம் இங்கே உதவும். சராசரிக்கு மேலான ஆற்றல், புதிதாக யோசிக்கிற குணம், எடுத்த வேலையை விடாமல் செய்கிற பிடிவாதம் ஆகிய மூன்றும் சந்திக்கிற இடத்தில்தான் மீத்திறன் வெளிப்படுகிறது என்றார் அவர். இதில் முதலாவதைத்தான் பரீட்சை ஓரளவு அளக்கும். மற்ற இரண்டும் ஒரு நாள் காலையில் தெரியாது. மாதக்கணக்கில் கூட இருந்து பார்க்கிறவருக்குத்தான் தெரியும். ஒரே சோதனையை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு அமெரிக்கக் கதை இருக்கிறது. லூயிஸ் டேர்மன் என்ற உளவியலாளர் 1921 இல் நுண்ணறிவுச் சோதனை வைத்து சுமார் 1,500 பிள்ளைகளைப் பொறுக்கி ஆயுள் முழுவதும் பின்தொடரத் தொடங்கினார். அவர் சோதித்து, புள்ளி போதாது என்று விட்ட பையன்களில் இருவர் வில்லியம் ஷொக்லி, லூயிஸ் அல்வாரெஸ். இருவரும் பிறகு பௌதிகவியலில் நோபல் பரிசு பெற்றார்கள். தெரிவான பிள்ளைகளில் ஒருவருக்கும் அது கிடைக்கவில்லை.

ஆகவே சோதனையே வேண்டாம் என்று சொல்லவும் கூடாது. ஆசிரியர் கண்ணுக்குப் பட்ட பிள்ளையை மட்டும் கெட்டிக்காரப் பிள்ளை என்று எடுத்தால், படாத பிள்ளை என்றைக்கும் படாமலே போகும். புளோரிடாவின் புரோவார்ட் மாவட்டத்தில் இது நடந்தது. முன்பு ஆசிரியரும் பெற்றோரும் பரிந்துரைத்த பிள்ளைகளுக்கு மட்டுமே அங்கு மீத்திறன் சோதனை வைத்தார்கள். 2005 அளவில் இரண்டாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு சிறு சோதனை வைக்கத் தொடங்கினார்கள். உடனே வறிய வீட்டுப் பிள்ளைகளும் கறுப்பின, ஹிஸ்பானியப் பிள்ளைகளும் முன்னைவிடக் கணிசமாகத் தெரிவானார்கள். பிள்ளைகள் ஒரே இரவில் புத்திசாலி ஆகவில்லை, அதுவரை அவர்களை யாரும் தேடவில்லை. பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் லோரா ஜூலியானோவும் இதை ஆராய்ந்து 2016 இல் வெளியிட்டார்கள். பணம் இல்லை என்று அந்தச் சோதனை நின்றபோது அந்த எண்ணிக்கையும் பழையபடி விழுந்தது.

மன்னாருக்கு இதில் பாடம் இருக்கிறது. சொற்களே இல்லாத, வடிவங்களை வைத்துச் செய்கிற சோதனைகள் 1938 இல் ஜோன் ரேவன் வெளியிட்ட காலம் முதல் உலகத்தில் இருக்கின்றன. வீட்டில் புத்தகம் இல்லாத பிள்ளையும் அதைச் செய்யலாம். ரியூசன் கொப்பி வாங்க முடியாத பிள்ளையும் செய்யலாம். தரம் 3 இல் எல்லோருக்கும் அப்படியொன்றை வைத்து, அதன் விடையைப் பதாகையில் போடாமல், வகுப்பு ஆசிரியரின் கையில் மட்டும் கொடுத்தால் போதும். வடிகட்ட அல்ல, கண்டுபிடிக்க.

கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் உலகம் பல தடவை தடுமாறியது. பொறுக்கி எடுத்து ஒரே இடத்தில் குவிப்பது இலேசான வழி. சிங்கப்பூர் அதை 1984 முதல் செய்துவந்தது. மூன்றாம் வகுப்பில் பரீட்சை வைத்து, ஏறக்குறைய 1 வீதப் பிள்ளைகளை ஒன்பது ஆரம்பப் பாடசாலைகளில் சேர்த்தார்கள். நாற்பது வருடம் ஓடிய அந்தத் திட்டத்தை அப்படியே தொடரப் போவதில்லை என்று 2024 ஓகஸ்டில் பிரதமர் லோரன்ஸ் வோங் அறிவித்தார். இனி ஒவ்வொரு ஆரம்பப் பாடசாலையும் தன் பிள்ளைகளுக்குத் தானே செய்ய வேண்டும். அதற்கு மேலும் வேண்டிய பிள்ளை, பாடசாலை முடிந்த பிறகு அருகில் உள்ள இன்னொரு பாடசாலைக்குப் போய் மேலதிக வகுப்பில் இருக்கலாம். வீட்டையும் கூட்டாளிகளையும் விட்டு இடம் மாறத் தேவையில்லை. பரீட்சைக்குப் பேர்போன சிங்கப்பூரே இப்படித் திரும்பியிருக்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழும், நியாயமான கேள்வி. மன்னாரில் தரம் 5 இலும் வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலைகள் இருக்கின்றன. இந்திய இழுவைப் படகு வந்து வலையை அறுத்துப் போன மறுநாள் காலையில் வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளை இருக்கிறது. இவ்வளவுக்கும் நடுவில் கெட்டிக்காரப் பிள்ளைக்குத் தனிக் கவனம் என்பது பந்தியில் முன்னுக்கு இருப்பவருக்கே இரண்டாம் தடவை பரிமாறுவது போல இல்லையா?

இல்லை. முதலாவது காரணம், அந்தக் கெட்டிக்காரப் பிள்ளையும் அதே வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளையாக இருக்கலாம். கொழும்பில் வசதியான வீட்டில் பிறந்த மீத்திறன் பிள்ளைக்குப் பாடசாலை ஒன்றும் செய்யாவிட்டாலும் வீடு செய்யும். சங்கீத வகுப்பு, சதுரங்க வகுப்பு, கணனி, ஆங்கிலப் புத்தகம் எல்லாம் வரும். பியரில் பிறந்த பிள்ளைக்குப் பாடசாலை செய்யாவிட்டால் வேறு யாரும் செய்யப் போவதில்லை. திட்டம் இல்லாமல் விடுவதால் இழப்பது ஏழைப் பிள்ளைதான்.

இரண்டாவது காரணம் வகுப்பறைக்குள்ளே இருக்கிறது. இந்தியாவில் பிரதம் அமைப்பு பல வருடமாக ஒரு முறையைச் செய்து காட்டியிருக்கிறது. ஒரு நாளில் ஓரிரு மணிநேரம் பிள்ளைகளை வயதுப்படியோ வகுப்புப்படியோ பிரிக்காமல், இப்போது எந்த மட்டத்தில் இருக்கிறார்கள் என்று பார்த்துக் குழுவாக்கிக் கற்பிப்பது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ போன்றவர்கள் இதை ஆராய்ந்து, பின்தங்கிய பிள்ளைகள் இதனால் முன்னேறுவதைக் காட்டினார்கள். அவர்களுக்கு 2019 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. மெல்லக் கற்கும் பிள்ளைக்காக உருவான அந்த ஏற்பாட்டையே மறுபுறம் திருப்பினால், வேகமாகக் கற்கும் பிள்ளைக்கும் இடம் கிடைக்கிறது. தரம் 7 பிள்ளை கணித பாட நேரத்தில் தரம் 9 வகுப்பில் போய் இருக்கலாம். மற்றப் பாடங்களுக்குத் தன் கூட்டாளிகளோடு திரும்பி வரலாம். ஒரே நேரசூசி மாற்றம். அதனால் இரண்டு முனைப் பிள்ளைகளுக்கும் பயன். செலவு, அதிபரும் இரண்டு ஆசிரியர்களும் ஒரு பின்னேரம் உட்கார்ந்து பேசுவது.

பிள்ளை மனதில் கெட்டுவிடும், தலைக்கனம் ஏறிவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கும் பதில் உண்டு. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி 1971 இல் தொடங்கிய ஆய்வு, கணிதத்தில் மிக முன்னால் நிற்கிற சிறுவர்களைப் பல பத்தாண்டுகளாகப் பின்தொடர்ந்தது. பொருத்தமான வேகத்தில் முன்னுக்குப் போக விட்ட பிள்ளைகள் பெரியவர்களானபோது அதனால் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை. அதைப் பெரும்பாலும் நல்லதாகவே நினைவுகூர்ந்தார்கள்.

படகு இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதைக் குற்றாலீஸ்வரனின் வாழ்க்கை காட்டும். 1994 இல் மட்டும் அந்தச் சிறுவர் ஆறு நீரிணைகளைக் கடந்தார். ஒரே வருடத்தில் ஐந்து என்ற மிஹிர் சென்னின் சாதனையை 12 வயதில் தாண்டினார். ஆங்கிலக் கால்வாயும் அந்த ஆறில் ஒன்று. பத்திரிகைகள் முதற்பக்கத்தில் போட்டன. 1996 இல் அர்ஜுனா விருது வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நீச்சலுக்கும் பணம் தேட வேண்டியிருந்தது, நிலையான ஆதரவு வரவில்லை. பதின்ம வயது முடியும் முன்பே போட்டி நீச்சலை விட்டுவிட்டுப் பொறியியல் படிக்கப் போனார். பல வருடங்கள் கழித்துத்தான் மறுபடி தண்ணீருக்குத் திரும்பினார். விருது கொடுப்பவர்கள் இருந்தார்கள், மாலை போடுபவர்கள் இருந்தார்கள். வருடம் முழுக்கப் பக்கத்தில் வருபவர்கள் போதவில்லை. படிப்பில் அவர் நன்றாகவே வந்தார், அது மகிழ்ச்சி. ஆனால் அவருக்கு 16 வயதில், 20 வயதில் கடலில் இருந்திருக்கக்கூடிய காலம் திரும்பி வராது.

இதைவிடப் பழைய கதை கும்பகோணத்தில் இருக்கிறது. இராமானுஜன் அரசுக் கல்லூரியில் உதவித்தொகை பெற்றுச் சேர்ந்தார். கணிதம் தவிர மற்றதில் தேறாததால் அந்த உதவித்தொகையை இழந்தார். ஒரு துறையில் உச்சத்தில் இருக்கிற பிள்ளை எல்லாப் பாடத்திலும் உச்சத்தில் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நூறு வருடம் கழித்தும் போகவில்லை. மொத்தப் புள்ளியைக் கூட்டி வரிசைப்படுத்துகிற வகுப்பறையில், கணிதத்தில் 100 உம் வரலாற்றில் 35 உம் வாங்குகிற பிள்ளைக்கு ஏழாம் இடம். ஜியா ராய் போன்ற பிள்ளையை இந்தக் கூட்டல் எங்கே வைத்திருக்கும்? ஒரு பக்கம் விசேட தேவை, மறுபக்கம் அசாதாரண ஆற்றல். இரண்டும் ஒரே பிள்ளையில் இருக்கலாம் என்று நம்புகிற ஆசிரியர் அவசியம்.

மன்னார் மாவட்டத்தில் மன்னார், மடு என்று இரண்டு கல்வி வலயங்கள். வலயங்களில் பாடத்துக்குப் பாடம் ஆசிரிய ஆலோசகர்கள் இருக்கிறார்கள். பாடசாலைகளுக்குப் போய் வருவது அவர்களின் வேலையே. அந்த வரிசையில் மீத்திறன் பிள்ளைகளுக்கென்று ஒருவரை நியமிப்பது புதிய கட்டடமோ புதிய சட்டமோ கேட்காது. திங்கட்கிழமை தலைமன்னார், செவ்வாய் பேசாலை, புதன் எருக்கலம்பிட்டி என்று அவர் சுற்றலாம். ஒவ்வொரு பாடசாலையிலும் நாலு ஐந்து பிள்ளைகளோடு இரண்டு மணித்தியாலம். அவரிடம் ஒரு பெட்டிப் புத்தகம், சில புதிர்க் கணக்குகள், ஒரு சதுரங்கப் பலகை, இணையத்தோடு ஒரு மடிக்கணனி. பிள்ளை 30 கிலோமீற்றர் போக வேண்டாம், ஆசிரியர் வரட்டும். தமிழ்த் தினப் போட்டிக்கும் விஞ்ஞான வினாவிடைக்கும் பிள்ளைகளைக் கோட்டம், வலயம், மாகாணம் என்று கொண்டுபோகிற ஆசிரியர்கள் ஏற்கனவே இந்தத் தீவில் இருக்கிறார்கள். சொந்தக் காசில் பஸ் ரிக்கற் எடுத்து, மதியச் சாப்பாடும் வாங்கிக் கொடுத்துக் கூட்டிப்போகிறவர்கள். போட்டிக்கு முந்திய இரண்டு வாரம் அவர்கள் செய்வதை வருடம் முழுக்கச் செய்வதற்கு நேரமும் பயணச் செலவும் கொடுத்தால், பாதி வேலை முடிந்தது.

கடலையும் பாடசாலைக்குள் கொண்டுவர வேண்டும். தலைமன்னார்ப் பிள்ளைக்குக் கரையில் கிடைக்கிற அறிவு வகுப்புக்கு வெளியே நின்றுவிடுகிறது. ஆதாம் பாலத்தின் மணல் திட்டுகள் ஏன் இடம் மாறுகின்றன, நீரோட்டம் காலைக்கும் மாலைக்கும் ஏன் மாறுகிறது, பூநாரைகள் ஏன் மாரியில் மன்னாரின் களப்புக்கு வருகின்றன என்பவை எல்லாம் விஞ்ஞானக் கேள்விகள். இவற்றை அளந்து, வரைந்து, எழுதி வைக்கிற ஒரு பிள்ளை, வினாத்தாளில் என்ன புள்ளி எடுத்தாலும், ஆராய்ச்சியாளர் ஆகிற பாதையில் நிற்கிறது. தகப்பனும் பெரியப்பாவும் அந்தப் பிள்ளைக்கு முதல் ஆசிரியர்கள். அவர்களை ஒரு நாள் வகுப்புக்குக் கூப்பிட்டு, காற்றைப் பற்றிப் பேசச் சொல்ல எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை.

இன்னும் ஒன்று, சின்னது. நீரிணை நீச்சலில் படகில் இருக்கிற அவதானிப்பாளர் ஒரு பதிவு வைத்திருப்பார். மணிக்கு மணி எழுதுவார்: நிமிடத்துக்கு எத்தனை கைவீச்சு, என்ன சாப்பிட்டார், நீர் எந்தப் பக்கம் இழுத்தது. பாடசாலையில் ஒரு பிள்ளை தரம் மாறும்போது அடுத்த ஆசிரியரிடம் போவது புள்ளி அட்டவணை மட்டும். அதோடு ஒரு நாற்பது பக்கக் கொப்பியும் போகட்டும். தரம் 3 ஆசிரியர் தொடங்கி, தரம் 4 ஆசிரியர் தொடர்ந்து, பிள்ளை எந்தப் பாடசாலைக்குப் போனாலும் கூடவே போகிற கொப்பி. முதல் பக்கத்தில் பிள்ளையின் பெயர், திகதி. கீழே இப்படி ஏதாவது எழுதியிருக்கலாம்: பெருக்கலை இடப்பக்கத்திலிருந்து தொடங்குகிறான். விடை சரி. எப்படி என்று கேட்டேன், மீன் ஏலத்தில் அப்படித்தான் என்றான். வெள்ளிக்கிழமை பின்னேரம் மறுபடி கேட்க வேண்டும்.